25,000 டாலரில் ஓர் அலுவலகம்: ‘இன் தி கம்பெனி ஆஃப் மென்’ (1997)

நீல் லபியூட் எழுதி இயக்கிய ‘இன் தி கம்பெனி ஆஃப் மென்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர், ஒரு பெண்ணை வேண்டுமென்றே ஏமாற்றத் திட்டமிடும் இரண்டு ஆண்களின் கதையாகவே அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அது பிழையில்லை, 1997இல் படம் வெளிவந்தபோது எழுந்த விவாதங்களும் பெரும்பாலும் ஆண் பெண் உறவைச் சுற்றியே நடந்தன. ஆனால் அதை முதன்மையாக அலுவலகத்தைப் பற்றிய படமாகப் பார்க்கும்போதுதான் அதன் முழு வலிமையும் புலப்படுகிறது என்பது என் கருத்து. 97 நிமிடங்கள் ஓடும் இந்தக் கறுப்பு நகைச்சுவையில் துப்பாக்கி இல்லை, கொலை இல்லை, துரத்தல் இல்லை. அமெரிக்கத் தரச்சான்றுக் குழு இதற்கு ‘ஆர்’ சான்று (17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம்) வழங்கியபோது குறிப்பிட்ட காரணங்கள் இரண்டே: கெட்ட வார்த்தைகள், மனத்தைப் புண்படுத்தும் கொடுமை. இரண்டாவது காரணத்துக்காகச் சான்று பெற்ற படங்கள் மிக அரிது.

கதை எளிமையானது. சாட், ஹோவர்ட் இருவரும் ஒரு பெரிய நிறுவனத்தின் இடைநிலை அதிகாரிகள். ஆறு வாரத் திட்டப்பணி ஒன்றுக்காக வேறொரு நகரத்திலுள்ள கிளை அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். பணியின் பொறுப்பு ஹோவர்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சாட் அவனுக்குக் கீழே வேலை செய்ய வேண்டியவன். இருவரும் பயணத்தின் இடைப்பொழுதில் பேசிக்கொண்டிருக்கும்போது மனக்குறைகள் வெளிவருகின்றன. ஹோவர்டுக்கு நிச்சயமான திருமணம் முறிந்துவிட்டது. சாட் தன்னுடன் வாழ்ந்த பெண் தன்னை விட்டுப் போய்விட்டதாகச் சொல்கிறான். பிறகு அவன் ஒரு யோசனையை முன்வைக்கிறான்: போகிற ஊரில் காதலுக்கான நம்பிக்கையையே இழந்துவிட்ட ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்பது, இருவரும் ஒரே நேரத்தில் அவளை நேசிப்பதுபோல் நடிப்பது, ஆறு வாரம் முடிந்ததும் இருவரும் ஒன்றாக அவளைக் கைவிட்டுத் திரும்புவது. கிளை அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்யும் கிறிஸ்டீன் சாட்டின் கண்ணில் படுகிறாள். அவளுக்குக் காது கேட்காது.

சாட் இந்த யோசனையைச் சொல்லும் முறையைக் கவனித்துக் கேட்க வேண்டும். அவன் கோபத்தில் கத்தவில்லை, குடிபோதையில் உளறவில்லை. கூட்டத்தில் ஒரு முன்மொழிவை வைப்பவனைப்போல் நிதானமாகப் பேசுகிறான். முதலில் பொதுவான ஒரு பிரச்சினையை எடுத்துச் சொல்லி, அது இருவருக்கும் உரியது என்று நிறுவுகிறான், தீர்வைச் சொல்கிறான், கால அளவைச் சொல்கிறான், ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதியளிக்கிறான், கடைசியில் எதிரில் இருப்பவனின் வாயிலிருந்தே ஒப்புதலை வரவழைக்கிறான். ஹோவர்ட் தயங்குகிறான், சிரித்து மழுப்புகிறான், பிறகு சம்மதிக்கிறான். சம்மதித்த அந்தக் கணத்திலிருந்து ஒரு மனித உயிருக்கு எதிரான சதி, ஒழுங்காக நடத்தப்படும் அலுவலகத் திட்டமாக மாறிவிடுகிறது. படமும் வாரம் வாரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வெறும் திரையில் எத்தனையாவது வாரம் என்ற எழுத்து வருகிறது. பின்னணியில் முரசும் சாக்ஸபோனும் சேர்ந்து முழங்குகின்றன. வாரத் தலைப்புகள் ஒரு முன்னேற்ற அறிக்கையின் தலைப்புகளைப்போல் வரிசையாக வர, இருவரும் கழிவறையிலும் உணவு மேசையிலும் சந்தித்து, யார் எத்தனை முறை அவளை வெளியே அழைத்துப் போனார்கள், எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள். கொடுமையை விடவும் அந்தக் கொடுமை நிர்வகிக்கப்படும் ஒழுங்குதான் என்னை நடுங்க வைத்தது.

இந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவு செய்ய முடியாத நிலையே இங்கு கலையாக மாறியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் லபியூட் இதை மேடை நாடகமாக எழுதியிருந்தார். திரைப்படமாக்கியபோது படப்பிடிப்புக்கு அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 25,000 டாலர். இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரத்தில் 11 நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. படச்சுருள் விலை உயர்ந்தது என்பதால் ஒரே காட்சியைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் கேமரா பெரும்பாலும் ஓர் இடத்தில் நிற்கிறது. நடிகர்கள் சட்டகத்துக்குள் வந்து, பேச வேண்டியதை நீளமாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். பணமிருந்த இயக்குநர் அண்மைக் காட்சிகளை அடுக்கி, யார் நல்லவன், யாருக்காக நாம் வருந்த வேண்டும் என்று சுட்டிக்காட்டியிருப்பார். இங்கே அப்படி யாரும் நமக்கு உதவுவதில்லை. அலுவலகக் கூடத்தின் மறுமூலையில் உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்தும் வாயைத் திறக்காத ஒரு சக ஊழியரின் இடத்தில் கேமரா நம்மை உட்கார வைத்துவிடுகிறது.

சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. மேசைகள் பாதி காலியாக இருக்கின்றன. ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்திருக்கிறார்கள்; தூரத்துக் காட்சிகளில் யார் யார் என்று பிரித்தறிவதற்கே சற்று நேரம் பிடிக்கிறது. நகரத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சொல்லப்படுவதில்லை. அந்த நிறுவனம் எதைத் தயாரிக்கிறது, எதை விற்கிறது, இவர்கள் ஆறு வாரம் எதற்காக உழைக்கிறார்கள் என்பதும் கடைசிவரை தெரிவதில்லை. எந்த வேலை என்று தெரியாமலேயே அங்கு நிலவும் அச்சமும் போட்டியும் நமக்கு முழுமையாகப் புரிந்துவிடுகின்றன என்பதில்தான் எழுத்தின் தேர்ச்சி இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் பணிபுரிந்த எவருக்கும் அந்தக் கூடத்தின் காற்று பழக்கமானதாகவே இருக்கும்.

படத்தின் மையக் கதையோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு காட்சியைத்தான் நான் அதன் உச்சமாகக் கருதுகிறேன். பயிற்சிப் பணியாளரான ஓர் இளைஞன் சாட்டின் அறைக்கு வருகிறான். அவன் கறுப்பினத்தவன், வயதிலும் பதவியிலும் சாட்டை விடச் சிறியவன், மேலே வருவதற்கு சாட்டின் நல்லெண்ணம் தேவைப்படுகிறவன். சாட் அன்பாகவே பேச்சைத் தொடங்குகிறான். அவன் ஒரு சொல்லை உச்சரித்த விதத்தைத் திருத்துகிறான், அதுவும் அவனுடைய எதிர்காலத்தின்மேல் அக்கறை கொண்ட மூத்தவனின் தொனியில். இந்தத் தொழிலில் மேலே போக வேண்டுமென்றால் ஆண்மை வேண்டும் என்கிறான். அது வழக்கமான அலுவலகப் பேச்சுதான் என்று இளைஞனும் எண்ணுகிறான், நாமும் எண்ணுகிறோம். பிறகு அதைக் காட்டு என்கிறான் சாட். சொன்னதைச் சொன்ன பொருளிலேயே கேட்கிறான் என்பது புரிய இளைஞனுக்குச் சில கணங்கள் ஆகின்றன. சிரித்துப் பார்க்கிறான், சாட் சிரிக்கவில்லை. விளையாட்டா என்று கேட்கிறான், சாட் காத்திருக்கிறான். இளைஞன் கால்சட்டையைக் கழற்ற நேர்கிறது. குரல் உயர்த்தப்படவில்லை, மிரட்டல் சொல்லும் எதுவும் இல்லை. எல்லாம் முடிந்தபின் சாட் அவனிடம் ஒரு காப்பி கொண்டுவரச் சொல்கிறான்.

அந்தக் காப்பியைத்தான் நான் மறக்க மாட்டேன். அதற்கு முன் நடந்ததை இளைஞன் வெளியே போய் யாரிடமும் சொல்லக்கூடும், முறையிடக்கூடும். ஆனால் காப்பி கொண்டுவரச் சொல்லப்பட்டதும் அது அன்றாட வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது, நடந்தது எதுவும் பெரிதில்லை என்று அந்தக் கட்டளையே தீர்ப்பளித்துவிடுகிறது. அதிகாரம் எப்படித் தன் தடயத்தை அழித்துக்கொள்கிறது என்பதை இவ்வளவு சிறிய ஒரு செயலால் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கிறிஸ்டீனுக்கு நடப்பதும் இளைஞனுக்கு நடப்பதும் ஒன்றே என்பதை இயக்குநர் வசனத்தால் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து நம் முன் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். சாட்டின் வெறுப்பு பெண்களோடு நின்றுவிடுவது அல்ல என்பது இந்த இடத்தில் உறுதியாகிறது. தன்னைவிட வலிமை குறைந்தவர் யார் என்பதை மட்டுமே அவன் பார்க்கிறான்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழலாம். சக ஊழியர்கள் நிறுவனத்தின் உள்சுற்று இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்த்தால் விடை கிடைக்கும். பக்கம் பக்கமாகச் சக அதிகாரிகளின் புகைப்படங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் சாட் ஒரு வசையை வைத்திருக்கிறான். சுற்றியிருப்பவர்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, ஏனென்றால் சாட்டின் பேச்சில் வேகமும் கூர்மையும் உண்மையிலேயே இருக்கின்றன. அங்கே சிரிக்கிற ஒவ்வொருவனும் தான் அறையை விட்டு வெளியேறியதும் தன் படமும் இப்படித்தான் புரட்டப்படும் என்பதை அறிந்தவன். ஆகவே யாரும் முதலில் எழுந்து போவதில்லை. சேர்ந்து சிரிப்பது பாதுகாப்புக்கு ஒரு சந்தா. லபியூட்டின் நகைச்சுவை முழுவதும் இந்த வகையானது. சிரித்தபின் நாம் எந்தக் கட்சியில் உட்கார்ந்து சிரித்தோம் என்பது உறைக்கிறது. கிறிஸ்டீனை முதல் முறை வெளியே அழைத்துப் போய்விட்டு வந்த சாட், அவள் பேசும் விதத்தை ஹோவர்டிடம் நடித்துக் காட்டும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்டோடு நம்மை இணைத்திருந்த கவர்ச்சி அங்கே அறுந்துபோகிறது. ஆனாலும் ஹோவர்ட் சிரிக்கிறான்.

ஹோவர்ட் எனக்கு சாட்டைவிட முக்கியமான பாத்திரமாகப் படுகிறான். சாட்டைப் போன்றவர்களை அடையாளம் கண்டு ஒதுங்கிவிடலாம். ஹோவர்டைப் போன்றவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பொறுப்பு கையில் இருக்கிறது, ஆனால் துணிவு இல்லை. கீழே இருப்பவர்கள் தன்னை மதிப்பதில்லை என்ற சந்தேகமும், மேலே இருப்பவர்கள் எந்நேரமும் தன்னை மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் அவனை வாட்டுகின்றன. சாட் அவனை ‘நண்பன்’ என்று நடத்துவது அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அதை இழக்கக் கூடாது என்பதற்காகவே அவன் எதற்கும் தலையாட்டுகிறான். ஹோவர்டாக நடித்த மாட் மல்லாய் அந்த அச்சத்தைத் தோளிலும் கழுத்திலும் சுமந்து நடித்திருக்கிறார். தொலைபேசியில் பேசும்போது குறுகிப்போகும் அவருடைய உடலையும், கீழ்நிலை ஊழியர்களிடம் தேவைக்கு மேல் கடுமை காட்டும் குரலையும் ஒருசேரப் பார்த்தால் அந்த மனிதனின் முழு வாழ்க்கையும் விளங்கிவிடும். அவன் கிறிஸ்டீனை உண்மையாகவே விரும்பத் தொடங்கும்போது நாம் நிம்மதி அடைவோம் என்று எதிர்பார்ப்போம். லபியூட் அந்த நிம்மதியையும் தருவதில்லை. தான் விரும்புவதால் அவள் தனக்கு உரியவள் என்று ஹோவர்ட் எண்ணுகிறான். அவனுடைய காதலிலும் கட்டளை இருக்கிறது.

படத்தின் முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: முதல் காட்சியில் யார் யாருக்கு மேலதிகாரி என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் அந்த ஏணியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். திட்டப்பணியில் நேரும் சிறு சிறு கோளாறுகள், வந்து சேராத தகவல்கள், யாருடைய தவறு என்று வெளிப்படையாகப் பேசப்படாத சறுக்கல்கள் எல்லாம் காதல் கதையின் பின்னணியில் ஓடுவதுபோல் தோன்றும். அவை பின்னணி அல்ல. ஒரு பெண்ணின் மனத்தை உடைக்கும் விளையாட்டு எதற்கான திரை என்பது இரண்டாவது முறை பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். படத்தை அலுவலகத்தின் கதை என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே முதல் காரணம்.

வெளிவந்த காலத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதி இடைநிலை அதிகாரிகளை உலுக்கிய காலம். 1996 ஜனவரியில் ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் மட்டுமே 40,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. கழுத்துப்பட்டை அணிந்தவர்களுக்கு வேலை நிலையானது என்ற பழைய நம்பிக்கை அப்போது தகர்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம், உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டவர் தன்னைப் பணியிடத்தில் துன்புறுத்தியதாக 1991இல் சட்டப் பேராசிரியை அனிதா ஹில் அமெரிக்க செனட் குழுவின் முன் அளித்த சாட்சியத்துக்குப் பிறகு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த பேச்சு நாடு முழுவதும் பரவியிருந்தது. மாற்றுத் திறனாளிகளுக்குப் பணியிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1990இல் நிறைவேறியிருந்தது. சாட்டும் ஹோவர்டும் இந்தச் சூழலில் தங்களை வேட்டையாடப்படுகிறவர்களாகக் கருதிக்கொள்ளும் ஆண்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தை அவர்களால் வேலை கொடுப்பவர்மீது காட்ட முடியாது. ஆகவே அது கீழ்நோக்கித் திரும்புகிறது. தட்டச்சு செய்யும் ஒரு பெண்ணின்மேலும், காப்பி கொண்டுவரும் ஓர் இளைஞன்மேலும் வந்து விழுகிறது. இதை லபியூட் சமூக விமர்சனமாக எங்கும் வசனத்தில் எழுதிவைக்கவில்லை. முணுமுணுப்புகளாகவும் பொருமல்களாகவும் காட்சிகளில் கலந்திருக்கிறது.

சாட்டாக நடித்த ஆரோன் எக்கார்டுக்கு இது முதல் முக்கிய வேடம். பின்னாளில் 2008இல் வெளிவந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் ஹார்வி டென்ட்டாக அவரைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்தச் சதுரத் தாடையும் வெளிச்சமான சிரிப்பும் இங்கே எவ்வளவு பயங்கரமாகப் பயன்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்தால் வியப்பு ஏற்படும். அவர் வில்லனாக நடிக்கவில்லை. எந்த நேர்காணலிலும் தேர்வாகிவிடக்கூடிய ஒருவனாக நடித்திருக்கிறார். கிறிஸ்டீனாக வரும் ஸ்டேசி எட்வர்ட்ஸின் நடிப்புதான் படத்தைத் தாங்கி நிற்கிறது. யாராவது தன்னைப் பாராட்டும்போது முதலில் அவள் கண்ணில் வரும் எச்சரிக்கையும், அது மெல்ல விலகி நம்பிக்கை குடிபுகுவதும், அந்த நம்பிக்கையைப் பார்த்து நமக்குள் எழும் பதைபதைப்பும் படம் முழுவதும் நீடிக்கின்றன. அவள் முட்டாள் அல்ல என்பதை அவர் ஒவ்வொரு அசைவிலும் காப்பாற்றுகிறார். இருவரோடும் பழகுவதில் அவளுக்குத் தயக்கமும் குற்ற உணர்வும் இருக்கின்றன; உண்மையில் அந்தக் கதையில் மனசாட்சியோடு நடந்துகொள்ளும் ஒரே ஆள் அவள்தான்.

இருந்தாலும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. ஸ்டேசி எட்வர்ட்ஸ் காது கேட்கும் நடிகை. செவித்திறன் இல்லாத நடிகை ஒருவருக்கு இந்த வாய்ப்பு போயிருக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. இன்று இந்தப் படம் எடுக்கப்பட்டால் அப்படித்தான் நடக்க வேண்டும். கிறிஸ்டீனின் வாழ்க்கை அலுவலகத்துக்கு வெளியே ஏறத்தாழ எழுதப்படவே இல்லை. அவளுக்குத் தோழிகள் யார், அவள் வீட்டில் எப்படி இருப்பாள், காது கேட்காத ஒருவராக அந்த அலுவலகத்தில் அவளுடைய நாள் எப்படிக் கழிகிறது என்பவற்றுக்கு இரண்டு மூன்று காட்சிகள் இருந்திருந்தால், அவள் ஆண்களின் கதையில் மாட்டிக்கொண்டவளாக மட்டும் இல்லாமல் தன் கதையையும் உடையவளாக நின்றிருப்பாள். பயிற்சிப் பணியாளனின் காட்சியில் இனப் பாகுபாடு அவ்வளவு அப்பட்டமாகத் தொடப்பட்டு, அதற்குப் பிறகு தொடரப்படாமல் விடப்பட்டிருப்பதும் எனக்கு நெருடல்தான். நாடகத்திலிருந்து வந்ததன் அடையாளமாகச் சில வசனங்கள், மனிதர்கள் பேசுவதைவிட நேர்த்தியாக இருக்கின்றன. சில இடங்களில் ஒலி தட்டையாகக் கேட்கிறது. அது 11 நாட்களில் முடிக்கப்பட்ட ஒரு படத்தில் மன்னிக்கத்தக்கதே.

சாட்டின் தீமைக்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. துயரமான இளமைப் பருவத்தையோ துரோகத்தையோ காரணமாக வைத்திருந்தால் நாம் அவனைப் புரிந்துகொண்டுவிட்டதாக எண்ணி நிம்மதியாக எழுந்து போயிருப்போம். அவனால் செய்ய முடிகிறது, செய்தால் தண்டனை இல்லை, செய்தவனுக்குப் பதவி உயரவும் வாய்ப்பு இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் அதற்கு மேல் காரணம் தேவைப்படுவதில்லை என்பதே லபியூட் வைக்கும் கடுமையான குற்றச்சாட்டு.

1997இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இந்தப் படம் படைப்பாளிகள் விருதைப் பெற்றது. நியூயார்க் திரை விமர்சகர்கள் வட்டம் அதை அவ்வாண்டின் சிறந்த முதல் படமாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு சுயாதீனப் படங்களுக்கான இண்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த முதல் திரைக்கதைக்காக லபியூட்டும் சிறந்த அறிமுக நடிப்புக்காக எக்கார்டும் பாராட்டப்பட்டார்கள். சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் வெளியிட்ட பின் அமெரிக்கத் திரையரங்குகளில் 28 லட்சம் டாலருக்கு மேல் வசூலாயிற்று. வட்டிக்குக் கடன் வாங்கிப் பெரிய நட்சத்திரத்தைத் தேடி அலையும் புதிய இயக்குநர்கள், இரண்டு நாற்காலியும் ஒரு வெள்ளைச் சுவரும் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதை இதில் பார்த்துக் கற்கலாம்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் வசன வரிகளோடு பார்ப்பது நல்லது; சாட்டின் பேச்சு வேகமானது, அவன் சொல்லாமல் விடுவதும் பாதிச் சொல்லில் நிறுத்துவதும் கதைக்கு முக்கியமானவை. அண்மையில் பணியிடத்தில் அவமதிப்புக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளானவர்கள் இதைத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள், குறிப்பாக நாலு பேருக்கு மேலதிகாரியாக இருப்பவர்கள், நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய படம் இது. சாட் யார் என்று உங்கள் அலுவலகத்தில் தேடுவதைவிட, அந்த இதழைப் புரட்டும் காட்சியில் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறவர்களின் முகங்களைக் கூர்ந்து பார்ப்பது பயன்தரும்.